அம்மா வீட்டில் தேறிய உடம்பு

குவைத்துக்கு வேலைக்குப் போன ஆண்கள் வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்குப் போன் செய்வார்கள். அங்கே அன்றுதான் விடுமுறை. தொண்ணூறுகளின் நடுவில், அய்யம்பேட்டைக்குத் தெற்கே இருந்த எங்கள் ஊரில், எஸ்.டி.டி. பூத் வாசலில் வெள்ளிக்கிழமை மாலையானால் பெண்கள் காத்துக்கொண்டிருப்பார்கள். நான் எழுதப்போவது ஒரு புதனில் தொடங்கி அப்படியொரு வெள்ளியைத் தாண்டிப் போனது. நாளும் கிழமையும் சரிபார்க்காமல் நான் எதையும் சொல்வதில்லை; வீட்டில் இதற்காகக் கேலியும் உண்டு. ஆனால் இதில் ஒரு பகுதிக்கு மட்டும் மற்றவர்கள் சொன்னதை நம்பியாக வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு நினைவு இல்லை.

கணவர் குவைத்தில் இருக்க, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். வேதக்காரக் குடும்பமானாலும் வளைகாப்பு எங்களுக்கும் உண்டு. செபம் சொல்லிவிட்டு வளையல் அடுக்குவார்கள். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, திருப்பனந்தாள் பக்கத்துப் புகுந்த வீட்டில் அது நடந்தது. பந்தியில் எங்கள் பக்கத்து உறவுக்காரி ஒருத்தி, பிள்ளைத்தாச்சியைத் துரும்பாக வைத்திருக்கிறார்கள் என்று சத்தமாகவே சொன்னாள். மாமியாரின் காதில் அது விழுந்தது. அம்மாவின் காதிலும் விழுந்தது. அன்றிலிருந்து என் உடம்பு இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு வழக்காகிவிட்டது.

அப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆண் துணை இல்லாத வீட்டில் பெண்ணைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது அம்மாவுக்கு. ஆட்டுக்கால் சாறு, எள்ளுருண்டை, கருவாட்டுக் குழம்பு என்று நேரத்துக்கு நேரம் வந்துகொண்டே இருந்தது. பொங்கல் கழிவதற்குள் நான் பூரித்துவிட்டேன். முழங்கை வரைக்கும் ஓடி விளையாடிய கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் இறுகி நின்றன. முகம் வட்டமானது. பார்க்கிறவர்களிடமெல்லாம் அம்மா என் கையைத் தூக்கிக் காட்டினாள். "எங்க வீட்டுக்கு வந்து எப்படித் தேறிட்டா பாருங்க." வாரப் பத்திரிகைகளின் மருத்துவப் பக்கத்தை வரி விடாமல் படிக்கிறவள் நான். கர்ப்பிணிக்குக் கால் வீங்குவது சகஜம் என்று அதில் படித்திருந்தேன். முகமும் கையும் வீங்கினால் என்ன என்று நான் படித்த எதிலும் இல்லை.

தலைவலி தொடங்கிய பிறகுதான், தடுப்பூசி போடும் புதன்கிழமையன்று, துணை சுகாதார நிலையத்துக்குப் போனோம். அதுவரை என்னைப் பார்த்து வந்தது புகுந்த ஊரின் செவிலியர். எங்கள் ஊர் நர்சம்மாவுக்கு நான் புது ஆள். ரத்த அழுத்தம் பார்த்தார். சற்று நேரம் உட்காரவைத்துத் திரும்பவும் பார்த்தார். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். மேல் பகுதி திரிந்த பால் போல வெளுத்தது. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, சிறுநீரில் புரதம் போகிறது, இன்றைக்கே தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், வலிப்பு வந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்று அம்மாவிடம் சொன்னார். "சரிங்கம்மா" என்று அம்மா தலையாட்டினாள்.

வீட்டுக்கு வரும் வழியில் வாய்க்காலில் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. அணையை மூடி ஆறு அடைக்கும் காலம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா சொன்னாள்: "நாளை மறுநாள் மாப்பிள்ளை போன் பண்ணுவாரு. ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போவோம். கேக்காம கூட்டிட்டுப் போயி அங்க வயித்தக் கிழிச்சு வச்சாங்கன்னா, அந்த வீட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

எனக்கு அது நியாயமாகவே பட்டது. வலிக்கு இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் முற்பகலில் மாமியார் வந்தார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வருவதாக முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். திருப்பனந்தாளிலிருந்து கும்பகோணம் வந்து, அங்கே பஸ் மாறி, முருங்கைக்காய்க் கட்டோடு வந்து இறங்கினார். அதற்கு முன்பே அம்மா எனக்குத் தலை வாரி, முகத்தில் பவுடர் போட்டு, நல்ல புடவை கட்டிவிட்டு உட்காரவைத்திருந்தாள். நர்சம்மா சொன்னதை அவரிடம் சொல்லிக்கொண்டிருக்காதே என்றும் சொல்லியிருந்தாள். வலி அப்போது நெஞ்சுக்குழிக்குக் கீழே இறங்கி, யாரோ முட்டியை வைத்து அழுத்துவது போல் இருந்தது. ஓரக்கண்ணில் பொறி பறந்தது. நான் சுவரில் சாய்ந்தபடி சிரித்துக்கொண்டிருந்தேன்.

"பாருங்க சம்பந்தி, துரும்பா வந்தவ" என்றாள் அம்மா.

"தேறித்தான் இருக்கா." அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணு ரெண்டும் ஏன் இடுங்கிப்போயிருக்கு?"

பிள்ளை புரள்கிறது, ராத்திரி தூக்கம் இல்லை என்று அம்மா அவசரமாகச் சொன்னாள். அத்தை தான் குடித்துக்கொண்டிருந்த மோரைத் தரையில் வைத்துவிட்டு, தண்ணீர் டம்ளரை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் கையை நீட்டினேன். டம்ளர் அங்கே இல்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினேன். விரல் அவருடைய முந்தானையில் பட்டது. நிமிர்ந்து பார்த்தபோது அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிச்சம் மட்டும் இருந்தது.

"அத்தை, உங்க முகம் தெரியல எனக்கு" என்றேன்.

அவர் மண்டியிட்டு என் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தியது தெரிந்தது. விரலை எடுத்த பிறகும் அழுத்திய இடத்தில் குழி அப்படியே நின்றதாம்; அவர் எழுந்திருக்கவில்லை.

"நர்சம்மா பார்த்தாங்களா?"

"நேத்தே தஞ்சாவூருக்குப் போகச் சொன்னாங்க" என்றேன் நான்.

"நேத்தே." அவ்வளவுதான் சொன்னார். பிறகு எழுந்து முந்தானையைச் செருகினார். "சம்பந்தி, வண்டிக்குச் சொல்லுங்க. சண்டைய ஆஸ்பத்திரில வச்சுக்குவோம்."

எங்கள் ஊரில் ஒரே ஒரு பிளஷர் கார் இருந்தது. அது வந்து நிற்பதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டேன். சம்பா அறுவடை நேரம். சாலை நெடுகிலும் வைக்கோலைப் பரப்பி வைத்திருந்தார்கள்; கார் அதன்மேல் வழுக்கி வழுக்கிப் போனது. ரயில்வே கேட் மூடியிருந்தது. எதிர்ப்பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்க, ஒவ்வொரு சத்தமும் என் மண்டைக்குள் இறங்கியது. அத்தை ஈரத்துண்டை என் கண்மேல் போட்டு, என் காதுகளை இரண்டு கைகளாலும் பொத்தினார். முன்சீட்டில் அம்மா செபமாலை சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். ரயில் போன பிறகும் கேட்டைத் திறக்க நேரம் எடுத்தது. அத்தை கதவைத் திறந்து இறங்கிப் போய் கேட்காரரிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பதைப் பிற்பாடு எத்தனையோ தடவை கேட்டும் அவர் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைப் படுக்கவைத்ததும், ஊசி குத்த வந்த நர்ஸ் முதலில் வளையல்களைக் கழற்றச் சொன்னார். சோப்பு போட்டுப் பார்த்தார்கள். ஒன்றுகூட நகரவில்லை. உடைத்துவிடுங்கள் என்றார் நர்ஸ். அம்மா இரண்டு கைகளாலும் என் மணிக்கட்டுகளைப் பொத்திக்கொண்டாள். புருஷன் கடல் கடந்து இருக்கும்போது கைவளையலை உடைப்பது என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை.

"மாப்பிள்ளை வெளிநாட்டுல இருக்காரும்மா. வேற எங்கயாவது குத்துங்க."

நர்ஸ் ஊசியைப் பிடித்தபடி நின்றார். நேரமில்லை என்று பின்னாலிருந்து ஒரு டாக்டரின் குரல் வந்தது. என் தாடை தானாக இழுத்தது.

"எம்புள்ள அங்க நல்லாத்தான் இருக்கான்" என்றார் அத்தை. "அவ கையை விடுங்க."

அம்மா விடவில்லை. அத்தை அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். என் கையைத் துண்டில் சுற்றிக் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தட்டினார். கண்ணாடி நொறுங்கியதைக் கேட்டேன். எனக்கு நினைவிருப்பது அதுவரைதான்.

வலிப்பு வந்ததும், ஊசி போட்டு அதை அடக்கியதும், வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுத்ததும் மற்றவர்கள் சொன்னவை. நேரத்தைப் பற்றி அம்மாவும் அத்தையும் சொல்வது ஒத்துப்போகாது. அம்மா விளக்கு வைத்த பிறகு என்பாள். அத்தை இருட்டவே இல்லை என்பார். மகள் பிறந்தபோது அழவில்லை, சற்றுப் பொறுத்துத்தான் அழுதாள் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

வெள்ளிக்கிழமை எனக்கு நினைவு திரும்பியபோதும் பார்வை மங்கலாகவே இருந்தது. அழுத்தம் இறங்கவில்லை. பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். எங்கள் இருவரில் யாரைப் பற்றியும் டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. மாலையில் போனுக்காக அம்மா ஊருக்குப் பஸ் ஏறினாள். என் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லி அலைய விட வேண்டாம், பிள்ளை பிறந்ததை மட்டும் சொன்னால் போதும் என்று அத்தையே சொல்லி அனுப்பினாராம்.

அம்மா அந்தச் சொல்லைக் கேட்கவில்லை. பூத்தில் என்ன பேசினாள் என்பதைக் கணவர் ஊருக்கு வந்தபோது சொன்னார். "பொண்ணு பொறந்திருக்கு மாப்ள. எடை கம்மி. அவளுக்குக் கண்ணு இன்னும் சரியாத் தெரியல. நர்சம்மா புதன்கிழமையே போகச் சொன்னாங்க. உங்க போன் வரட்டும்னு நாந்தான் நிறுத்தி வச்சேன்."

"என் போனுக்கா?" என்று அவர் கேட்டதோடு லைன் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை அழுத்தம் இறங்கத் தொடங்கியது. அடுத்த வாரத்தில் பார்வை தெளிந்தது. மகள் பெட்டியிலிருந்து வெளியே வந்து, சங்கில் பால் குடிக்கத் தொடங்கினாள். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, எங்கள் வழக்கப்படி நான் அம்மா வீட்டுக்குத்தான் போக வேண்டும். அம்மா தலை நிமிராமல், என் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "நீங்களே கூட்டிட்டுப் போங்க சம்பந்தி. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"அந்தப் பச்ச ஒடம்ப வச்சிக்கிட்டு ரெண்டு பஸ்ஸு மாறச் சொல்றீங்களா? உங்க வீட்டுக்குத்தான் வருவா." அத்தை பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். "நானும் வரேன்."

சம்பந்தி வீட்டில் இரவு தங்குவது எங்கள் பக்கத்தில் இல்லாத வழக்கம். அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஊர்ல என்ன பேசுவாங்க?"

"பேசட்டும். ஒரு கண்ணுக்கு ரெண்டு கண்ணா இருக்கட்டும்."

அழுத்தம் சரியாகிவிட்டது என்று நர்சம்மா சொல்லும்வரை அத்தை எங்கள் வீட்டிலேயே இருந்தார். என் சாப்பாட்டில் உப்பு எவ்வளவு என்பதில் தொடங்கி, பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது வரைக்கும் இரண்டு பேரும் தினமும் சண்டை போட்டார்கள்.