அழுத்தத் தெரியாத கை

என் கம்ப்யூட்டருக்கு நெற்றியில் பொட்டு உண்டு. பிரஸ்ஸில் இருந்த காலத்தில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து முகப்பில் ஒட்டிக்கொண்டுவிட்டன. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பைபிளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகிற ஆட்கள். ஆனாலும் அந்தப் பொட்டைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை. பிரஸ்ஸில் டைப்பிங், டிசைன் பார்க்கும் பிரிவை மூடியபோது, 'இதை நீயே எடுத்துட்டுப் போம்மா' என்று முதலாளி என் பக்கம் தள்ளிவிட்ட மெஷின் அது. என்னையும் அதையும் ஒரே நாளில்தான் வெளியே அனுப்பினார்கள்.

திருத்தங்கலில் எங்கள் வீட்டு முன்னறையில் அதை வைத்து வேலை பார்க்கிறேன். காதுகுத்துப் பத்திரிகை, வெடிப் பெட்டிக்கு ஒட்டும் லேபிள், யாராவது இறந்துபோனால் போஸ்டர். புதுக் கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லி எல்லோரும் எனக்குப் புத்தி சொல்லியாயிற்று. நான் பழகிய தமிழ் எழுத்துகள் இந்தப் பழைய மெஷினில்தான் எழுத்தாக வரும். புதியதில் போட்டால் வரிசையாகக் கட்டம் கட்டமாக நிற்கும். இந்த வயதில் விரலுக்கு மறுபடியும் அகரம் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெம்பு இல்லை.

என் வீட்டுக்காரர் நாரணாபுரம் பக்கம் ஒரு பயர் ஆபீஸில் போர்மேன். எங்கள் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். போன கோடையில் அங்கே ஒரு ரூமில் வெடிமருந்து பற்றிக்கொண்டது. ஆட்கள் எல்லோரும் ஓடிவிட்டார்கள். இவருக்கு வலது கை முழங்கை வரைக்கும் வெந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "பெருசா ஒண்ணுமில்ல, கர்த்தர் காப்பாத்திட்டாரு." யாரும் சாகாத தீ எங்கள் ஊரில் தீக்கணக்கில் சேர்வதில்லை. எனக்கு அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு ராத்திரியெல்லாம் முனகிய மனுஷனுக்குப் பக்கத்தில் படுத்திருந்தது நான்தான்.

கை ஆறிவிட்டது. தோல் இழுத்துப் பிடித்து, விரல்கள் முழுதாக மடங்காது, அவ்வளவுதான். ஆபீஸிலிருந்து ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். தீபாவளி சீசனுக்கு போர்மேன் வேண்டும். "வாற திங்கக்கிழமை ஆபீஸ் வேன்ல ஏறிடுறேன்" என்று இவரும் சொல்லிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் பழைய முதலாளி கூப்பிட்டுவிட்டார். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் காலண்டர் ஆல்பம் போடுவார்கள். அடுத்த வருஷத்துக்கு என்னென்ன சாமி, என்னென்ன இயற்கைக் காட்சி, எந்தப் படத்துக்கு என்ன நம்பர் என்று காட்டும் மாதிரிப் புத்தகம். பூஜை போட்டு ஏஜெண்டுகள் கையில் கொடுத்துவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அன்றைக்குத் தவறினால் பக்கத்து பிரஸ்காரன் ஆர்டரை அள்ளிவிடுவான். முதலாளியிடம் ஆல்பம் செய்துகொண்டிருந்த பையன் பாதியில் சென்னைக்குப் போய்விட்டான். "ஆடிப் பதினெட்டுக்குள்ள ஆல்பத்த முடிச்சுக் குடுத்துரும்மா. சீசன் முழுக்கக் காலண்டர்ல கடைப் பேரு போடுற வேலை பூராவும் ஒனக்குத்தான்" என்றார் முதலாளி.

தை வரைக்கும் கைநிறைய வேலை. வீட்டை ஓட்டிவிடலாம். இவர் வேனில் ஏற வேண்டாம். நான் ஆல்பம் செய்யப்போவது முருகனுக்கும் லட்சுமிக்கும் இல்லை, அந்த வேனைத் திருப்பி அனுப்பிவிடுவதற்குத்தான் என்று இவரிடமே நேரே சொன்னேன். "மொதல்ல முடி, பாப்போம்" என்றார்.

மெஷின் முதல் படத்திலேயே படுத்துவிட்டது. இந்தக் காலத்துப் படங்கள் ஒவ்வொன்றும் யானை கனம். பிள்ளையாரைத் திறந்தால் பாதி தும்பிக்கையோடு நின்றுவிடும். மெமரி போதவில்லை என்று திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கும். எனக்கே போதாமல்தான் இருந்தது. ஒரு பக்கம் முடிப்பதற்குள் சோறு வடித்து, குழம்பு வைத்து, துணியும் துவைத்துவிட்டு வரலாம். அப்படிப் போனால் ஆல்பம் பொங்கலுக்குத்தான் வரும்.

சிவகாசியில் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் போட்டிருக்கும் ஒரு சர்வீஸ் கடை உண்டு. இவரும் நானும் பஸ்ஸில் போனோம். மெஷின் விவரத்தைக் கேட்டுக்கொண்டு கடைக்காரர் ஒரு டப்பாவைக் கிண்டி, விரல் நீளத்தில் பச்சைப் பட்டை ஒன்றை எடுத்தார். ராம் என்றார். புதிதாக இப்போது இந்த ரகம் வருவதில்லையாம், பழசில் கிடைத்தால்தானாம். "இத மாட்டுனா மெமரி டபுளாயிரும்க்கா. மெஷின் ஓடும். மாட்டுறதுக்கு முன்னாடி கரண்ட் ஒயர உருவிருங்க. கம்ப்யூட்டர் பெட்டியோட இரும்பத் தொட்டுக்கோங்க, கையில ஸ்டேட்டிக் இருந்தா ராம் போயிரும்" என்றார்.

ஸ்டேட்டிக் என்ற வார்த்தையைக் கேட்டதும் இவர் நிமிர்ந்து நின்றார். உடம்பில் ஏறும் அந்த மின்சாரத்துக்கு பயர் ஆபீஸில் இருக்கும் மரியாதை வேறு எங்கும் கிடையாது. ஒவ்வொரு ரூம் வாசலிலும் செம்புத் தகடு பதித்திருப்பார்கள். அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். இவர் வீட்டுக்குள் வரும்போதுகூட ஜன்னல் கம்பியை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் வருவார். கல்யாணமான புதிதில் இது என்ன வேண்டுதலோ என்று நினைத்திருக்கிறேன்.

"முனையில அழுக்கு இருந்தா ரப்பர் வச்சு நல்லாத் தேச்சிருங்க அண்ணாச்சி" என்று கடைக்காரர் பின்னாலிருந்து சொன்னார். தேய்ப்பதா என்பதுபோல் இவர் என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் "நீ தள்ளு, நான் மாட்டுறேன்" என்றார். மாதக்கணக்காகச் சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷன். வேலை என்று ஒன்று கையில் கிடைத்ததும் முகம் மாறிவிட்டது. நான் தள்ளிக்கொண்டேன். அவர் செய்த ஏற்பாடுகளைப் பார்க்க வேண்டும். காஸ் சிலிண்டரைத் தூக்கிக் கொல்லையில் வைத்தார். நைலக்ஸ் சேலையை மாற்றி நூல் சேலை கட்டச் சொன்னார். தரையில் தண்ணீர் தெளித்தார். செல்போனைத் தெருவாசலில் கொண்டுபோய் வைத்தார். "என்னங்க, இது கம்ப்யூட்டருதான்" என்றேன். "எல்லாம் ஒண்ணுதான்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கோபித்துக்கொள்வார் என்று அடக்கிக்கொண்டேன்.

திருகுகளைக் கழற்றி மூடியை எடுத்தார். உள்ளே பிரஸ்ஸின் பவுடர் தூசி அப்பிக் கிடந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் அதைக் குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல் துடைத்தார். ரப்பரால் தேய்க்கவே இல்லை. வேட்டி நுனியால் ஒற்றி எடுத்தார். பிறகு அந்தப் பச்சைப் பட்டையை இரண்டு விரலில் பிடித்துக் காலியாக இருந்த பள்ளத்தில் இறக்கினார். விரல்கள் முழுதாக மடங்காவிட்டாலும் பட்டை நேராக இறங்கியது. எனக்கு அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

ஸ்விட்சைப் போட்டேன். மெஷின் நீளமாக ஒரு கூச்சல் போட்டது. திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டேன். அதே கூச்சல். அவர் கழற்றி மறுபடி வைத்தார். அதே கூச்சல்.

அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "ஏங் கைதான். இந்தக் கை தொட்டு அது போயிட்டு" என்றார். கையால இல்லங்க என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அலுப்பாக இருந்தது. ஆல்பமும் போச்சு, மெஷினும் போச்சு என்றுதான் என் புத்தி ஓடியது. பிறகு அவரே சொன்னார், "விடு. நான் அங்கனயே போயிடுறேன். எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான்."

மறுநாள் நான் மட்டும் பட்டையைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் சிவகாசிக்குப் போனேன். கடைக்காரர் அதைத் தன் மெஷினில் மாட்டிப் பார்த்தார். ஓடியது. "ராம் நல்லாத்தான்க்கா இருக்கு. அழுத்தி மாட்டுனீகளா?"

"மாட்டிருக்காக."

"அழுத்துனாகளா? ரெண்டு பக்கமும் கிளிப்பு டக்குனு விழணும். பலமா அழுத்தணும்க்கா, ஒடஞ்சிரும்னு பயப்படக் கூடாது. அண்ணாச்சி என்ன வேலை பாக்காக?"

"பயர் ஆபீஸ்" என்றேன். கடைக்காரர் சிரிக்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். "அப்ப அழுத்த மாட்டாக" என்றார். அவருடைய அண்ணனும் பயர் ஆபீஸில்தானாம்.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். தேய்க்காதே, இழுக்காதே, கீழே போடாதே, அழுத்தாதே. மருந்து ரூம் சுவரில் எழுதியிருப்பதை இவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கையில் எழுதி வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் மூடி இறுகிய ஊறுகாய் ஜாடியை நான்தான் திறப்பேன். பீரோ கதவை இவர் பூப்போல மூடுவார், அது தானாகத் திறந்துகொள்ளும், நான் போய் ஓங்கிச் சாத்துவேன். இத்தனை வருஷமாக அதற்கு இவரைத் திட்டியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். "அழுத்தணுமா?" என்று மட்டும் கேட்டார். நான் செய்கிறேன் என்று தரையில் உட்கார்ந்தேன். அவர் நாற்காலியை என் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இரும்பத் தொட்டுக்கோ" என்றார். தொட்டேன். பட்டையைப் பள்ளத்தில் நிறுத்தி இரண்டு கட்டைவிரலையும் வைத்து, மூச்சைப் பிடித்து அழுத்தினேன். பலகையே வளைவதுபோல் இருந்தது. இன்னும் அழுத்தினேன்.

டக்கென்று ஒரு கிளிப் விழுந்தது. பின்னால் நாற்காலி சாய்ந்த சத்தம் கேட்டது. இன்னொரு பக்கமும் டக்கென்று விழுந்தது. "மாட்டிருச்சுங்க" என்று திரும்பினேன். நாற்காலி தரையில் கிடந்தது. வாசல் கதவு திறந்திருந்தது.

தெருவுக்கு எதிர்ப்புறம் குழாயடியில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார். வெந்த கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். குடத்தை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டம்மா அவரையே பார்த்தாள். சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஓடு என்று ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஓடி நின்ற பிறகு எங்கே பார்க்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவர் எங்கள் வீட்டுக் கூரையில் புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு விரல்நீளப் பிளாஸ்டிக் சத்தத்துக்குத் தெருவுக்கு ஓடுகிற மனுஷன், திங்கட்கிழமை மருந்து ரூமுக்குள் எப்படி நிற்பார்? இதைத்தான் இவ்வளவு நாளாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தாரா?

கிட்டே போய், "கிளிப்பு விழுந்த சத்தம்தான். உள்ள வாங்க" என்றேன். வந்தார். வாசலில் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தார். நான் ஸ்விட்சைப் போட்டேன். மெஷின் ஒரே ஒரு தடவை சின்னதாகக் குரல் கொடுத்து எழுந்துகொண்டது. பிள்ளையார் முழுத் தும்பிக்கையோடு வந்தார். இவர் திரையைப் பார்க்கவில்லை.

சாப்பிடும்போது சொன்னார். "வேன் வந்தா நீயே சொல்லிரு. கை சரியில்லன்னு சொல்லாத. சரியாயிட்டான்னு கேட்டு மறுபடி வருவாக. பயமா இருக்குன்னே சொல்லிரு."

ஆல்பத்தில் பாதிகூட முடியவில்லை. திங்கட்கிழமை விடிந்ததும் தெருமுக்கில் வேன் ஹாரன் அடித்தது. தலையை முடிந்துகொண்டு போனேன். உள்ளே டிபன் தூக்குகளை மடியில் வைத்தபடி பெண்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தெரிந்த முகங்கள்.

"அண்ணாச்சி கெளம்பிட்டாகளாக்கா?" என்றார் டிரைவர்.

"இவுக வரமாட்டாக. வேற ஆளு பாக்கச் சொல்லுங்க."

"கை இன்னும் ஆறலையா?"

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு வரை வந்தது. "கையெல்லாம் ஆறிட்டு" என்றேன். "பயமா இருக்காம்."

அந்த வேனுக்குள் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டதில்லை. எல்லோரும் மடியைப் பார்த்தார்கள். கடைசி சீட்டில் ஜன்னலோரம் இருந்த பெண், இவருடைய ரூமில் வேலை பார்த்தவள், என்னைப் பார்த்தாள். "நல்லதுக்கா" என்றாள்.

வேன் அவளையும் ஏற்றிக்கொண்டு நாரணாபுரம் பக்கம் திரும்பியது. நான் உள்ளே போனேன். அவர் இடது கையால் எனக்குப் படத்தின் நம்பர்களைப் பேப்பரில் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். "யாரு யாரு இருந்தாக வேன்ல?" என்று தலையைத் தூக்காமல் கேட்டார்.

எல்லோரும்தான் என்று சொல்லிவிட்டு ஆல்பத்தைத் திறந்தேன்.