டிவியின் மஞ்சள் ஓட்டைக்காகத் திங்கள்நகர் போன கதை

இதனால் சகல பொதுஜனங்களுக்கும் அறிவிப்பது யாதெனில், நாகர்கோவில் கோட்டாறில் உள்ள எங்கள் வீட்டுப் பழைய டிவியின் பின்புறம், சிவப்பு ஓட்டைக்கும் வெள்ளை ஓட்டைக்கும் பக்கத்தில் பதினொரு மாதமாகக் காலியாகக் கிடந்த, வீடியோ வயர் சொருகும் மஞ்சள் ஓட்டைக்குத் தகுதியான ஆள் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டார். ஆள் என்றால் மனிதர் அல்ல. தொண்ணூறுகளில் மஸ்கட்டிலிருந்து வந்த பதினாறு பிட் கேம் மெஷின். கறுப்பு உடம்பு, தலையில் கேசட் சொருகும் வாய், இரண்டு கன்ட்ரோலர். பழைய வீடியோ கேம் தேடி அலைகிறவர்களில் பயம் என்றால் என்னவென்றே தெரியாதவன் இந்த மாவட்டத்தில் அடியேன் ஒருவன்தான் என்பதையும் இத்துடன் பதிவு செய்கிறேன்.

புதிதாகத் தேட வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம். நம் ஊரில் பழைய மெஷின் கிடைப்பதற்குக் காரணம் கல்ஃப். ஒரு காலத்தில் பெட்டி கட்டி வந்தவர்கள் சென்ட் பாட்டிலுக்கும் தைலத்துக்கும் நடுவே பிள்ளைகளுக்கு இதையும் வைத்துக் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் வளர்ந்து அவர்களும் கல்ஃப் போய்விட, மெஷின் மாடியில் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கும். மாடியிலிருந்து இறங்கினால் அதன் அடுத்த இடம் ஆக்கர் கடை, அதாவது பழைய சாமானை எடைக்கு எடுக்கிற கடை. அப்படி ஒரு கடையில் சாக்குக்குள் கையை விட்டபோதுதான் எனக்கு ஒரு கேசட் கிடைத்தது. ஸ்டிக்கரில் பேனாவால் ‘ஷிபு’ என்றும், கீழே ஒரு வீட்டுப் பெயரும் எழுதியிருந்தது. திங்கள்நகருக்கு அப்பால் ஒரு வீட்டில் பழைய பேப்பரோடு வந்தது என்றும், மெஷினைக் கேட்டபோது தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள் என்றும் கடைக்காரர் சொன்னார்.

அன்றே போயிருப்பேன். ஆனால் பிளஸ் டூ பரீட்சை குறுக்கே படுத்திருந்தது. அதற்குள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மார்த்தாண்டத்து அண்ணன் ஒருவர் அதே வீட்டைப் பற்றி விசாரித்தார். இந்தக் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. நமக்கு வேண்டிய மெஷினைப் பற்றி மற்றவர்களிடம் ‘போர்டு போச்சு’, ‘உப்புக்காத்துல துரு ஏறிட்டு’ என்று சொல்லிவைப்போம். எல்லோரும் சொல்வதால் யாரும் நம்புவதில்லை. அந்த அண்ணனோ பைக்கில் எலுமிச்சம்பழம் கட்டி ஓட்டுகிறவர். ஆகவே நான் என் நண்பன் ஷிஜினை போனைப் பிடிக்கச் சொல்லி, எண்பது வயதுக் குரலில் ஒரு வாய்ஸ் மெசேஜ் பேசி, இரவல் நம்பரிலிருந்து அவருக்கு அனுப்பினேன். அந்த வீட்டு மாடி. அந்த மெஷினில் விளையாடிக்கொண்டிருந்த பையன் கையில் கன்ட்ரோலரோடு செத்துப்போனான். எட்டு வருஷம் ஆகிறது. இன்னும் அது தானாக ஓடுகிறது. அவ்வளவுதான். நான் பெற்ற பேய்க்கு நான் கொடுத்த சொத்து இந்த நான்கே விவரம். இதை நினைவில் வையுங்கள், பின்னால் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும்.

பரீட்சை முடிந்த சனிக்கிழமை, மதியம் 1.10-க்கு அண்ணா பஸ் ஸ்டாண்டில் நானும் ஷிஜினும் பஸ் ஏறினோம். டிக்கெட் ஆளுக்குப் பதினெட்டு ரூபாய். சுமார் இருபது கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம். இடதுபக்க ஜன்னல் வேண்டாம், வெயில் முகத்தில் அடிக்கும். திங்கள்நகரில் இறங்கி டீயும் பழம்பஜ்ஜியும். வீட்டுப் பெயரைச் சொல்லி வழி கேட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றுவதை நிறுத்தினார்.

“அந்த மாடி வீடா? மூணு மணிக்காக்கும் அது கேக்கது. எல்லா சனிக்கிழமையும். அந்த வழி பால் கொண்டு போவும்போ நானே கேட்டிருக்கேன்.”

வெளியே வந்ததும் ஷிஜின் என் சட்டையைப் பிடித்தான். “ஏலே, இது நீ சொன்னதுதானே?”

“சனிக்கிழமை நான் சொல்லல மக்கா.”

மணி 2.25. கிழமை சனி.

ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். மூன்று கிலோமீட்டர்தான், பேரம் பேசினால் எழுபதுக்கு வருவார்கள். நான் பேசும் நிலையில் இல்லை. டிரைவர் போகிற வழியெல்லாம் பேசினார். கன்ட்ரோலர் வயர் படியில் பாம்புபோல இறங்கி வருமாம். உள்ளே ஒரு பெண்பிள்ளை எண் சொல்லுகிற குரல் கேட்குமாம். ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினாலு என்று. என் பேய்க்கு வாய்ப்பாடு தெரியாது. நான் அதைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. அப்படியானால் இவர் சொல்வது வேறு யாரை? நான் கட்டிய பொய்க்குள் எனக்குத் தெரியாமல் உண்மையிலேயே யாரோ குடிவந்துவிட்டார்களோ என்று தோன்றியதும் கழுத்தில் வியர்வை குளிர்ந்தது.

ஓடைப் பாலத்தில் ஆட்டோ நின்றது. “இதுக்கு அங்கோட்டு நீங்க நடந்து போணும். எனக்கு ரெண்டு பெண்பிள்ளைய உண்டு மக்கா,” என்றார். வண்டியை அவர் திருப்பிய வேகத்தில் எங்களுக்கும் திரும்பிவிடத் தோன்றியது.

பாலத்திலிருந்து வீட்டுக்கு நானூறு மீட்டர், முழுக்க ரப்பர் விளை. ரப்பர் மரத்தடியில் மத்தியானம் மூன்று மணியும் சாயங்காலம் ஆறரை மாதிரிதான் இருக்கும். பால் பிடிக்க மரத்துக்கு ஒரு சிரட்டை, சிரட்டைக்கு ஒரு கறுப்பு வட்டம், எல்லாம் எங்களையே பார்ப்பது போலிருந்தது. சருகில் ஷிஜின் மிதிக்கும் சத்தம் எனக்கும், நான் மிதிக்கும் சத்தம் அவனுக்கும் மூன்றாவது ஆள் நடப்பது மாதிரி கேட்டது. வீடு தெரிந்தது. இரண்டு மாடி, மூடிய கேட், முற்றத்தில் வரிசையாகக் காலி பெஞ்சுகள். போனைப் பார்த்தேன். 3.00.

மாடியிலிருந்து கேட்டது. பதினாறு பிட்டின் தொடக்க இசை. அதை எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும். இணையத்தில் நூறு முறை கேட்டுக் குதித்தவன். அன்று குதிக்கவில்லை. ஷிஜினின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். ஷிஜின் ஏதோ ஜெபம் சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்து, முதலிலிருந்து தொடங்கினான்.

மாடி ஜன்னல் திறந்தது. ஒரு அக்கா எட்டிப் பார்த்து, யாரு மக்களே, எங்கேந்து வாறிய என்று கேட்டார். பேய் இவ்வளவு மரியாதையாக விசாரிக்காது என்ற நம்பிக்கையில் உள்ளே போனோம்.

அவர் பெயர் ஷீபா. டியூஷன் எடுக்கிறார், ஒன்றாம் வகுப்பிலிருந்து ஏழு வரை. தம்பி ஷிபுவின் பழைய மெஷினை அவர் பரிசாக வைத்திருந்தார். சனிக்கிழமை வாய்ப்பாடு ஒப்பித்து, தப்பில்லாமல் முடித்த பிள்ளைக்கு மூன்று மணிக்கு மாடியில் பத்து நிமிஷம் விளையாட்டு. நாலு வருஷமாக ஊரே அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறது, யாரும் தலையைத் திருப்பியதில்லை. போன மாதம் ஏதோ ஒரு கிழவர் பேசிய வாய்ஸ் மெசேஜ் கைமாறிக் கைமாறி ஊருக்குள் வந்திருக்கிறது. அதே சத்தம், அதே சனிக்கிழமை, அதே ஏழாம் வாய்ப்பாடு எல்லாம் ஒரே வாரத்தில் பேயாகிவிட்டன. இருபத்திரண்டு பிள்ளைகளில் இப்போது வருகிறவர்கள் இரண்டு பேர். இன்று அவர்களும் இல்லை. சத்தம் கேட்டால் யாராவது ஓடி வருவார்களா என்று தனியாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன் என்றார். அடுத்த வாரமும் இப்படியே என்றால் பெஞ்சைக் கொடுத்துவிட்டு நாகர்கோவிலில் துணிக்கடை வேலைக்குப் போவதாக முடிவு செய்திருந்தார்.

மஸ்கட்டில் இருக்கும் ஷிபுவுக்காகத் துக்கம் கேட்கவும் ஒருவர் வந்திருக்கிறார். அப்போது ஷிபு டியூட்டியில், போன் லாக்கரில். அவன் திரும்பக் கூப்பிடும்வரை இரண்டு மணி நேரம் அவர்களுடைய அம்மா ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் சுவரைப் பார்த்து இருந்தார்களாம். இதைச் சொல்லும்போது அக்கா குரலை உயர்த்தவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பிறகு போனை எடுத்து, அந்தச் சனியனை நீங்களும் கேளுங்கள் என்று போட்டார். என் குரல். இருமல்கூட என்னுடையது. நான் தரையைப் பார்த்தேன், ஷிஜின் உத்திரத்தைப் பார்த்தான். அதற்கப்புறம் நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் அந்த எண்பது வயதுக்காரன் வெளியே வந்துவிடுவான். எல்லாவற்றுக்கும் ஷிஜினே பதில் சொன்னான்.

“நீ ஏன் மக்களே வாயே தொறக்க மாட்டேங்க?”

அவனுக்குத் தொண்டை சரியில்லை என்றான் ஷிஜின். அக்கா எழுந்து போய் எனக்கு மிளகு போட்டு வெந்நீர் கொண்டுவந்தார். அதைக் குடித்த மூன்று நிமிடத்தைவிட நீளமான பயணம் நான் இதுவரை போனதில்லை.

நாங்கள் எதற்கு வந்தோம் என்று தெரிந்ததும் அவர் மெஷினை வயரோடு சுருட்டிப் பெட்டியில் வைத்தார். காசு வாங்கவில்லை. “இத தூக்கிட்டுப் போங்க. எனக்க பிள்ளைய திரும்பி வந்தா போரும்.”

தூக்கினேன். ஆமாம், தூக்கினேன். இது போய்விட்டால் ஊர்ப் பேச்சும் போய்விடும், அக்காவுக்கும் நல்லது, மஞ்சள் ஓட்டைக்கும் நல்லது என்று எனக்கு நானே டியூஷன் எடுத்துக்கொண்டு ரப்பர் விளையைத் தாண்டினேன். மணி 4.20. ஓடைப் பாலத்தில் ஒரு பெண் தன் மகளோடு நின்றிருந்தார். சின்னப்பிள்ளை, முதுகில் புத்தகப்பை. நாலரை மணி டியூஷனுக்கு விடலாமா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டு நின்றது பார்த்தாலே தெரிந்தது. பெட்டியைப் பார்த்தார். கறுப்பு வயர் வெளியே தொங்கியது.

“எடுத்துட்டுப் போறாவ பாத்தியா. அப்ப சங்கதி உள்ளதாக்கும். இனி நீ அங்க போவாண்டாம், கேட்டியா.”

அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பெட்டி திடீரென்று கனத்தது. நான் இதை எடுத்துக்கொண்டு போவதுதான் என் பொய்க்கு வைக்கிற கடைசி முத்திரை. பேய் இருந்ததால்தானே பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று ஊர் சொல்லும். அது நின்ற வீட்டுக்குப் பிள்ளையை அனுப்ப யார் வருவார்கள்? ஷிஜின் என்னைவிட முன்னால் திரும்பி நடந்தான். போகும்போது இருந்த பயம் பேயைப் பற்றியது, திரும்பி ஓடத் தோன்றியது. திரும்பும்போது இருந்தது மனுஷியைப் பற்றியது, கால் நகரவே இல்லை. நானூறு மீட்டருக்குப் பதினேழு நிமிடம் எடுத்தது.

பெட்டியை வாசல் திண்டில் வைத்துவிட்டுச் சொன்னேன். “அக்கா, அந்தக் கிழவன் நானாக்கும்.”

அவர் நம்பவில்லை. அந்தக் குரலில் ஒருதடவை பேசச் சொன்னார். பேசினேன். அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று மூடிக்கொண்டது.

“எனக்க தம்பி செத்து எத்தன வருஷம்ணு சொன்ன?”

“எட்டு.”

“அவனுக்கு நேத்து சம்பளம் வந்துச்சு.”

அழுதேனா என்று கேட்காதீர்கள், மிளகு வெந்நீர் கண்ணிலும் வரும். அக்கா அடிக்கவில்லை, எங்கள் வீட்டு போன் நம்பர் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து மெஷினை வெளியே எடுத்தார். பிறகு தீர்ப்பு வந்தது.

“ஆடணும்ணுதானே வந்த? ஆடு. எல்லா சனிக்கிழமையும் மூணு மணிக்கு, ஜன்னல் பக்கம் இருந்து, ரோட்டுல போறவியளுக்குத் தெரியுத மாதிரி. கடைசிப் பிள்ள திரும்பி வரது வரை.”

என் சொந்தக் குரலில், சொந்தப் பெயர் சொல்லி, நான் சொன்னது அத்தனையும் பொய் என்று ஒரு மெசேஜும் அங்கேயே பேசிக் குழுவுக்கு அனுப்பினேன். அது பொய்யைவிட மெதுவாகத்தான் பரவுகிறது. மார்த்தாண்டத்து அண்ணன் மட்டும் ஒரு எலுமிச்சம்பழப் படம் அனுப்பியிருந்தார்.

தேடப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அடாப்டரைப் பார்க்காமல் பிளக்கில் சொருகாதீர்கள். சவுதியிலிருந்து வந்தவற்றில் சில 110 வோல்ட், இங்கே போட்டால் புகை வரும், பேயே தேவலை. கேசட்டின் உலோகக் கால்களில் வாயால் ஊதாதீர்கள், நம் உப்புக்காற்றில் ஏற்கெனவே துரு. அழிரப்பரால் மெல்லத் தேய்த்தால் போதும். உள்ளே பல்லி முட்டை இருக்கிறதா என்று குலுக்கிப் பாருங்கள். திங்கள்நகரிலிருந்து ராத்திரி வரை பஸ் உண்டு, அவசரப்பட வேண்டாம். வேறொருவன் உங்களை முந்தப் போகிறான் என்றால் முந்தட்டும். வீட்டுப் பெயரை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். நானும் இங்கே சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள்.

இனி, முதல் பத்தியில் உள்ள அறிவிப்புக்குத் திருத்தம். மஞ்சள் ஓட்டைக்கு ஆள் கண்டுபிடித்தது உண்மை, ஆள் வேலைக்கு வரவில்லை. ஓட்டை இன்றும் காலி. பயம் தெரியாதவன் என்று எழுதியதற்கும் திருத்தம் உண்டு. நான்கு சனிக்கிழமை ஆகிறது. அக்கா முன்னால் ஏறினால்தான் நான் அந்த மாடிப்படியில் ஏறுகிறேன். ஷிஜின் பக்கத்தில் இருந்தால்தான் உட்காருகிறேன், அதுவும் கதவுக்கு முதுகு காட்டாமல். அந்தப் பையனைக் கொன்றவன் நான்தான், அவன் மஸ்கட்டில் பிரியாணி தின்கிறான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் போன சனிக்கிழமை, ஜன்னலோரம் வைத்திருந்த அக்காவின் போன் திடீரென்று வெளிச்சமாகி, வீடியோ காலில் ஷிபுவின் முகம் தெரிந்து, “யாருடே அது, என்னைக் கொன்ன ஆளா?” என்று கேட்டபோது, நான் கன்ட்ரோலரைப் போட்டுவிட்டு அலறிக்கொண்டு படியிறங்கி முற்றத்துக்கே வந்துவிட்டேன்.

முற்றத்தில் பதினாறு பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது பதினான்கு. என் அலறலைக் கேட்டு ஓடிப்போன இரண்டு பேரின் வீட்டுக்கும் நாளை நானே போய், நான் பயந்தது பேய்க்கு அல்ல என்று விளக்க வேண்டும். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வதென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.