மேட்டுப்பாளையம் வரை

அம்மாவின் அப்பாவை, அதாவது என் அப்பிச்சியை, கைக்குழந்தையாக விட்டுவிட்டு அவருடைய அப்பா பர்மா சண்டைக்குப் போனார். திரும்பி வரவில்லை. கல்லறைத் திருநாளன்று குன்னூரில் எல்லாரும் அவரவர் வீட்டுக் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்ற, அப்பிச்சி மட்டும் கல்லறைத் தோட்டத்தின் நடுவிலிருக்கும் பெரிய சிலுவையடிக்குப் போவார். ஊரில் கல்லறை இல்லாதவர்களுக்கு அதுதான் இடம். எனக்கு அது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எழுபது தாண்டியதும் அவருக்கு ஒரே ஆசை, அப்பாவைப் புதைத்த இடம் தெரிய வேண்டும். சித்தி பள்ளிக்கூட டீச்சர், எடுத்த காரியத்தை விடமாட்டாள். கம்ப்யூட்டரில் பழைய செய்தித்தாள்களைத் தோண்டினாள், பட்டாளத்து ஆபீசுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டாள். இறந்தவர் பட்டியல், காணாமல் போனவர் பட்டியல் எதிலும் அவர் பெயர் இல்லை. கடைசியில் அந்த ஆபீசிலிருந்து ஒரு பழைய தாளின் நகல் வந்தது. அதை அடுப்படியில் வைத்து அம்மாவுக்கு மெல்லப் படித்துக் காட்டினாள். சண்டை முடிந்ததும் அவரை நல்ல உடம்போடு ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். மேட்டுப்பாளையம் வரை ரயில் பாஸும் வாங்கியிருக்கிறார்.

"அப்பாகிட்ட மூச்சு விட்றாதக்கா" என்றாள் சித்தி.

எட்டு வயதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாகவில்லை என்றால் நல்ல சேதிதானே? பெரியவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று முடிவுகட்டி நானே ஓடினேன். அப்பிச்சி ரேடியோவுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பிச்சி, உங்கப்பா சண்டையில சாகலைங்களாம். மேட்டுப்பாளையம் வந்துட்டாருங்களாம்."

சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் பேட்டரியைத் தலைகீழாகப் போட்டார், எடுத்தார், மறுபடியும் தலைகீழாகவே போட்டார். இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அன்றைக்குச் சித்தியிடம் வாங்கிய அடிதான் பெரிதாக இருந்தது.

அந்த வருடமும் இறந்தோர் பெயர்ச் சீட்டை அப்பிச்சிதான் எழுதிக் கொடுத்தார். பூசையில் சாமியார் அதை வாசித்தபோது வழக்கம்போல 'போரில் மரித்த' என்றே வந்தது. கோயிலில் பொய்யா என்று நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தொடையில் கிள்ளிவிட்டாள்.

சிலுவையடியில் மெழுகுவத்தி காற்றில் அணைந்துகொண்டே இருந்தது.

"மேட்டுப்பாளையம் ரொம்பத் தூரங்களா அப்பிச்சி?"

"இல்ல கண்ணு. பஸ்ஸேறுனா ஒண்ணேகால் மணி நேரம்."

அவ்வளவு கிட்டே வந்தவர் பாவம், வழி தவறிவிட்டார் என்று நினைத்தேன். "யாராச்சும் போய்க் கூட்டிட்டு வந்திருக்கலாமுங்களே?"

அப்பிச்சி இன்னொரு தீக்குச்சியைக் கிழித்தார். வழி தவறியவரை எதற்காகச் செத்துப்போனார் என்று எழுதிக் கொடுத்தார் என்பதுதான் எனக்கு அன்றைக்குப் பிடிபடவில்லை.