டிரம்ஸ் வேணாம், கிறிஸ்டினா

ஆளாளுக்கு வந்து என்கிட்ட கேக்குறாங்க, "ஏன் சோபனா, உன் தோஸ்த்துக்கு இன்னா ஆச்சு? நல்லாத்தான பாடிக்கிட்டு இருந்தா?"ன்னு. நான் இன்னா அவளுக்கு மேனேஜரா? ஷூ கம்பெனில அவ மிஷினுக்குப் பக்கத்து மிஷின் எனக்கு, அவ்ளோதான். பக்கத்துல உக்காந்த பாவத்துக்கு ஊர் பேசுற பேச்செல்லாம் நான் கேட்டுக்கணுமா? சரி, ஒரே தடவையா சொல்லிடுறேன். அப்புறம் எவரும் என் வாயக் கிளறாதீங்க.

கிறிஸ்டினாவுக்கு ஊர் ஜோலார்பேட்டை. அப்பா இன்பராஜுக்கு ரயில்வேல தண்டவாளம் பாக்குற வேலை. வீட்டுக்குப் பின்னாடியே லைன் ஓடுது. ரயில் வந்தா பேச்ச நிறுத்திட்டு, போனதும் விட்ட எடத்துலேர்ந்து ஆரமிக்கிற குடும்பம். சர்ச்சுல கிடார் கத்துக்கிட்டா. பி.காம் முடிச்சா. பேங்க் பரீட்சை எழுதினா, கெடைக்கல. ஆம்பூர்ல எங்க கம்பெனிக்கு வந்துட்டா, ஷூவோட மேல்பாகம் தைக்கிற லைனுக்கு. இங்க பாதிப் பேரு அப்டி வந்தவங்கதான், என்னையும் சேத்து. ஆனா நாங்கல்லாம் சாயங்காலம் வீட்டுக்குப் போனா கால நீட்டிடுவோம். இவ பாட்டு எழுதுவா. தானே எழுதி, தானே மெட்டு போட்டு, போன்ல பாடி நெட்டுல ஏத்திடுவா.

அதுல ஒண்ணு 'ஒத்த அட்டை'. அட்டைன்னா இன்னான்னு வெளியாளுக்குத் தெரியாது. எங்க லைன்ல பாத்ரூம் போகணும்னா சூப்பர்வைசர் மேசைல தொங்குற அட்டையக் கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் போகணும். லைனுக்கே ஒரு அட்டை. ஒருத்தி திரும்பி வந்தாத்தான் அடுத்தவ எழுந்திருக்கலாம். இந்த பேஜாருக்குப் பயந்து நாங்க தண்ணியே கம்மியாத்தான் குடிப்போம். அதத்தான் எழுதினா:

நாக்கு வறண்டாலும் தண்ணி வேணாம்மா,
குடிச்சா எழுந்து போகணும்.
எழுந்து போக அட்டை வேணும்,
நாப்பது பேருக்கு ஒத்த அட்டை.

படிக்கும்போதே வயிறு எரியுதில்ல? ஆனா அவ பாடினது எப்டி? பஞ்சு மாதிரி. கிடார் ஒரு பக்கம் மெதுவா டொய்ங் டொய்ங்ன்னு, இவ ஒரு பக்கம் கொழந்தையத் தூங்க வைக்கிற மாதிரி. ரெண்டு வருஷம் ஒரே பாராட்டுதான். மெட்ராஸ்ல நெட்டுல பாட்டு விமர்சனம் எழுதுற ஒருத்தர், "தோல் நகரத்தின் மெல்லிய குரல், வறண்ட பாலாற்றின் தாகம்"னு நீளமா எழுதினாரு. பாலாறு எங்கய்யா வந்துச்சு அதுல? ஆயுத பூஜைக்கு கம்பெனில பாடச் சொன்னாங்க. எச்.ஆர். சார் முன்னாடி உக்காந்து கண்ண மூடி, தொடைல தாளம் போட்டு, "அருமைம்மா"ன்னாரு. பாத்ரூம் அட்டைய வெச்சதே அந்த மனுஷன்தான்!

எங்க கம்பெனி பஸ்ஸு ஜோலார்பேட்டைலேர்ந்து வாணியம்பாடி வழியா வரும். டிரைவர் கவுஸ் பாஷா பாய் தினம் காலைல அந்தப் பாட்டுதான் போடுவாரு. ஒருநா முன் சீட்டு எல்லம்மா அக்கா கொட்டாவி விட்டுக்கிட்டே, "கிறிஸ்டினா, உன் பாட்டு மாதிரி வராதுடி. போட்டா போதும், ஆம்பூர் வர்ற வரைக்கும் கண்ணு சொக்குது"ன்னாங்க. பஸ்ஸே ஆமா ஆமான்னுச்சு.

இவ முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. "அக்கா, அந்தப் பாட்டு இன்னா சொல்லுதுன்னு தெரியுமா?"ன்னு கேட்டா.

"இதுகூடத் தெரியாதா? உங்க சாமி பாட்டு தான?"

எங்க லைன்ல அந்த அட்டைக்கு ஜாஸ்தி சண்டை போடுறதே எல்லம்மா அக்காதான். ரெண்டு வருஷமா அவங்க கதைய அவங்க காதுலயே பாடினா, சாமி பாட்டாம். கிறிஸ்டினா சாயங்காலம் பஸ் ஏறும்போது, "யாருமே கேக்கலடி. ஒருத்தர்கூட கேக்கல. தூங்கத்தான் ஒதவியிருக்கேன்"ன்னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. அழுதான்னு நெனைக்கிறேன்.

அப்புறம்தான் ராக் மியூசிக்குன்னு எறங்கினா. வாணியம்பாடில கல்யாணக் கச்சேரிக்கு டிரம்ஸ் அடிக்கிற கௌதமப் புடிச்சா. கரண்ட் கிடார் ஒண்ண யாருகிட்டயோ எரவல் வாங்கினா. அதே பாட்டு, அதே வரி, ஒரு எழுத்து மாத்தல. மெட்ட மட்டும் முறுக்கி, அடித்தொண்டைலேர்ந்து கத்திப் பாடி நெட்டுல ஏத்தினா.

மறுநா காலைல கவுஸ் பாய் ஆசையா புதுசப் போட்டாரு. டிரம்ஸ் விழுந்துச்சு பாரு, எல்லம்மா அக்கா சீட்டுலேர்ந்து துள்ளி முன்கம்பில மண்டைய இடிச்சிக்கிட்டாங்க. பாய் பிரேக்க மிதிச்சிட்டு, "யா அல்லா! டயர் வெடிச்சிடுச்சின்னு நெனச்சேன்மா"ன்னாரு.

அன்னியிலேர்ந்து ஆரமிச்சது விமர்சனம். சர்ச்சுல ஒரு அம்மா, "பிசாசு புடிச்ச மாதிரி இருக்கு, ஜெபம் பண்ணிக்கோ"ன்னாங்களாம். நெட்டுல ஒருத்தன், "சிஸ்டர், உங்க ஸ்வீட் வாய்ஸுக்கு இது செட் ஆகாது." இன்னொருத்தன், "பழைய கிறிஸ்டினா வேணும்." ஏண்டா, பழைய கிறிஸ்டினாவ நீ இன்னா கடன் குடுத்து வெச்சிருந்தியா? கிறிஸ்டினாவோட அப்பா மட்டும், "எங்க வீட்டுல ரயிலு போறப்பகூட கேக்குது"ன்னு சொன்னாரு. அது பாராட்டா திட்டான்னு இன்னிக்கு வரைக்கும் அவளுக்கு விளங்கல.

மெட்ராஸ் விமர்சகர விட்டுட்டேனே. அவரும் எழுதினாரு. "உழைக்கும் பெண்ணின் அமைதியை இரைச்சல் விழுங்கிவிட்டது. பழைய பாடலின் கவித்துவ வரிகள் எங்கே? இந்த முரட்டு வரிகள் எங்கே?" படிச்சிட்டு எனக்கு ரத்தம் கொதிச்சிடுச்சு. ரெண்டும் ஒரே வரிதான்யா! காதுல இன்னா வெச்சிருந்த? அமைதியாம். எங்க லைனுக்கு டார்கெட் முடியுற நேரத்துல வந்து பாரு, பொம்பளைங்க எவ்ளோ அமைதியா இருக்கோம்னு. பதிலு போடலாம்னு போன எடுத்தேன், கிறிஸ்டினா புடுங்கிட்டா.

எங்க லைன்ல இன்னும் மோசம். அவ எழுந்து நடந்தாலே எவளாவது டிரம்ஸ் மாதிரி மேசைய டமடமன்னு தட்டி, "நாப்பது பேருக்கு ஒத்த அட்டை!"ன்னு அவள மாதிரியே கத்துவா. மத்தவளுங்க விழுந்து விழுந்து சிரிப்பாளுங்க. கிண்டல்தான். சாப்பாட்டு ரூம்ல கிண்டல், கேட்டுல கிண்டல். எல்லம்மா அக்கா மண்டை வீக்கத்தத் தடவிக்கிட்டே முழுப் பாட்டையும் பாடி நக்கல் பண்ணுவாங்க. ஒருநா அப்டிப் பாடிக்கிட்டு இருந்தவங்க, "எழுந்து போக அட்டை வேணும்"ல டக்குனு நின்னுட்டாங்க. "ஏய், இது நம்ம அட்டையாடி?"ன்னாங்க. ரெண்டு வருஷம் கழிச்சி! நான் தலைல அடிச்சிக்கிட்டேன்.

அப்புறம் கம்பெனி ஆண்டு விழா. வெளிநாட்டுலேர்ந்து ஆர்டர் குடுக்குற பையருங்கல்லாம் வர்றாங்கன்னு பந்தல் பெருசா போட்டாங்க. எச்.ஆர். சார் இவளக் கூப்பிட்டு, "அந்தத் தாலாட்டு மாதிரி ஒண்ணு பாடுவியே, அதையே பாடும்மா. டிரம்ஸ் வேணாம், கிறிஸ்டினா. அந்தக் கத்தலும் வேணாம்"ன்னாரு. இவளும் சரின்னு தலையாட்டிட்டு வந்துட்டா.

எனக்கு வந்துச்சே கோவம்! "வெக்கமா இல்ல? இவ்ளோ பேச்சு வாங்கி ஒரு பாட்ட மாத்தின, அவரு ஒரு வார்த்த சொன்னதும் பழையபடி பஞ்சுமெத்தை ஆயிடுவியா?"ன்னு கேட்டேன். "வேலையும் வேணும்ல சோபனா"ன்னா.

விழா அன்னிக்கு கிடாரோட தனியா மேடைல நின்னா. சொன்ன மாதிரியே மெதுவாத்தான் பாடினா. முன் வரிசைல பையருங்க சிரிச்ச முகமா தலையாட்டினாங்க. எச்.ஆர். சார் கண்ண மூடி, தொடைல தாளம். எனக்கு எழுந்து போய்டலாம்னு இருந்துச்சு.

மூணாவது வரி முடியப் போவுது. பின்னாடியிலேர்ந்து எல்லம்மா அக்கா நாக்காலிய டமடமன்னு தட்டினாங்க. "நாப்பது பேருக்கு ஒத்த அட்டை!" அவ்ளோதான். பந்தல்ல இருந்த அத்தன பொம்பளைங்களும் கத்துறாங்க. இந்த வாட்டி கிண்டல் இல்ல. கிறிஸ்டினா வாசிக்கிறத நிறுத்திட்டா, பாட்டு நிக்கல. பையருங்க பக்கத்துல இருந்த ஆபீசர்கிட்ட அர்த்தம் கேக்குறாங்க, அவரு முழிக்கிறாரு. எச்.ஆர். சாரு தொடைல இருந்த கை அப்டியே நின்னுபோச்சு.

முடிஞ்சதும் அவள மேடைக்குப் பின்னாடி கூப்பிட்டாரு. போச்சு, வேலைக்கு உலை வெச்சிட்டாளுங்கன்னு நான் கைய பெசஞ்சிக்கிட்டு நிக்கிறேன். இவ வர்றா, கண்ணுல தண்ணி, வாயெல்லாம் சிரிப்பு.

"இன்னாடி சொன்னாரு? திட்டினாரா?"

"திட்டினாரு. பாட்டு வேணும்னா பாடிக்கோ, ஆனா வரிய மாத்துன்னாரு."

"அதுக்கா இப்டி இளிக்கிற? லூசாடி நீ?"

"எந்த வரி சார்னு கேட்டேன்டி"ன்னு என் கையப் புடிச்சிக்கிட்டா. "அவரே சொல்லிக் காட்டினாரு சோபனா. நாலு வரியும். ஒரு வார்த்தகூட விடல."