ஜெயசீலி தேடும் தூசு

புடவைத் தலைப்பால் லேப்டாப் திரையைத் துடைத்த பிறகுதான் ஜெயசீலி தேடவே ஆரம்பிப்பாள். ஸ்கெலட்டன் என்கிற எங்கள் பேட்டையில் லைன் வீடுகளுக்கு எதிரே, மூடிப்போன தங்கச் சுரங்கம் விட்டுப்போன சயனைடு மண்மேடு. காற்று திரும்பினால் சோற்றுத் தட்டிலும் மாவு மாதிரி அந்தத் தூசுதான். வீட்டுக்குள் நெட் வராது. அதனால் வாசலில் கவிழ்த்த அண்டாமேல் லேப்டாப், எதிரில் அவள், அடுத்த வீட்டுப் படியில் நான்.

பகலில் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறாள். சாயங்காலம் பிஎச்.டி. இந்தத் தூசு மனுஷர் நெஞ்சுக்குள் போய் என்ன செய்கிறது என்பதுதான் அவள் எடுத்த தலைப்பு. பெங்களூர் காலேஜ் லைப்ரரியை வாசலில் இருந்தே திறக்கிறாள். அதற்குப் பாஸ்வேர்ட் உண்டு. அதைப் போடும்போது என்னைத் திரும்பிக்கொள்ளச் சொல்வாள்.

"எனக்கு எழுத்தே தெரியாதுடி."

"ரூல்ஸ்னா ரூல்ஸ்தான் ஆயா. அந்தப் பக்கம் பாருங்க."

தேடுவதிலும் அவளுக்கு ஒரு தினுசு. ஊர்ப் பெயர், தூசு, இருமல், குழந்தைகள் என்று எல்லா வார்த்தையும் முதலில் போடுவாள். ஒன்றும் வராது. அரிசியில் கல் பொறுக்குவதுபோல் ஒவ்வொரு வார்த்தையாக எடுப்பாள். ஊர்ப் பெயரை எடுத்ததும் கட்டுரைகள் மளமளவென்று கொட்டும். எல்லாம் ஆப்பிரிக்காச் சுரங்கங்களைப் பற்றி.

"அங்க ஒருத்தன் இருமினா ஊரே எழுதி வச்சிக்கீது. இங்க லைனே இருமுது, ஒருத்தரும் எழுதல ஆயா."

"நான் சொல்றேன், எழுதிக்கோ. எல்லம்மா வூட்டுக் கொழந்த ராவெல்லாம்..."

"நீங்க சொன்னா செல்லாது. அச்சுல வந்திருக்கணும்."

"இருமறதும் நாங்க, அச்சுல வர்றதும் நாங்களேவா?" என்று நானும் விடவில்லை. சிரித்துக்கொண்டே ஊர்ப் பெயரை மறுபடி போட்டாள். அதை விட்டுவிட்டால் வேலை சுலபம். விடமாட்டாள்.

போன வாரம் அவளுடைய கைடு பரத் சார் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"நாளைக்கு கமிட்டிம்மா. அங்க தூசு இருக்குன்னு யார் சொன்னதுன்னு கேப்பாங்க. ஒரு ஆர்ட்டிகிளாவது காட்டு. இல்லன்னா தலைப்ப மாத்திடு."

"சரிங்க சார்" என்று வைத்தாள். இரண்டு வருஷமாக அலைந்த தலைப்பு. அன்று மேட்டுப் பக்கமிருந்து நல்ல காற்று. எல்லா வார்த்தையையும் இன்னொருமுறை போட்டாள்.

"இன்னாடி வந்துச்சு?"

"சைபர் ஆயா."

கை புடவைத் தலைப்புக்குப் போய், பாதியில் நின்றது. திரை முழுக்க மாவு படிந்திருந்தது. அதற்கடியில் அந்தச் சைபர் மங்கலாகத் தெரிந்தது. போனை எடுத்து, திரையை அப்படியே ஒரு போட்டோ பிடித்தாள்.

"யாருக்குடி?"

"சாருக்கு. தூசு கீதான்னு கேட்டாங்களே."

அனுப்பிவிட்டுத்தான் திரையைத் துடைத்தாள்.