சுவருக்கு அந்தப் பக்கத்துக் காசித்தும்பை

தையற்காரி விதை போடுவதையும் டேப் வைத்து அளந்துதான் போடுவாள். செடிக்குச் செடி ஒன்பது அங்குலம், ஒரு நூல் கூடாது குறையாது. மண்ணைச் சலித்துப் போட்டு, வேண்டாத முளை தலைகாட்டினால் அன்றே பிடுங்கிவிடுவாள். இவ்வளவு பாடுபட்டும் இந்த வருஷம் பாத்தியில் தேறியது ஏழெட்டு நோஞ்சான் காசித்தும்பைச் செடிகள். இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம், கொழுந்தன் வீட்டுப் புழக்கடையில், யாரும் விதைக்காத காசித்தும்பை காடாய்ப் பூத்துக் கிடந்தது.

கொழுந்தன் மனைவி, அதாவது அவளுடைய ஓரகத்தி, தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவள். பூவாளியைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. செடி தானாக வந்ததாம். கேட்டதுமே தையற்காரிக்கு வயிறு எரிந்தது. அந்த மகராசிக்கு எல்லாமே தானாகத்தான் வரும்: மாதச் சம்பளம், சுருட்டை முடி, சொன்ன பேச்சைக் கேட்கிற புருஷன்.

தையல் அறை ஜன்னலைத் திறந்தால் அந்தப் பூக்கள்தான். அளவு கொடுக்க வந்தவர்கள் கையைத் தூக்கி நின்றபடியே கழுத்தைத் திருப்பி அதையே பார்த்தார்கள். உங்கள் ஓரகத்திக்கு நல்ல கைராசி என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். அன்று தையற்காரி ஒரு சட்டைக்கு இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்தாள்.

மறுநாள் சுவரோரம் போய் உற்றுப் பார்த்தாள். வெள்ளையில் சிவப்புத் தெறித்த பூ. வெளியூர் வாடிக்கைக்காரி ஒருத்தி கொடுத்த அந்த ரகம் இந்தத் தெருவில் தையற்காரியிடம் மட்டும்தான் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. போன வருஷம் ஓரகத்தியோடு போட்ட தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்கு மறுநாள், காய்ந்த செடிகளையெல்லாம் பிடுங்கி, ஒரு கூடைக் குப்பையைச் சுவருக்கு அந்தப் பக்கம் கவிழ்த்தவள் அவளேதான்.

ஆக, பூ தன்னுடையது. அதைச் சொன்னால் குப்பையும் தன்னுடையதாகிவிடும். இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓரகத்தி சுவரருகே வந்து, எல்லாம் காற்று கொண்டுவந்து போட்டது, காற்றுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்றாள். அந்தப் பெயர் காற்றுக்குப் போவதைக்கூடத் தையற்காரியால் தாங்க முடியவில்லை.

"காத்தும் இல்ல, கீத்தும் இல்ல. அது என் செடி. போன வருஷம் நான்தான் குப்பையோட கொட்டினேன்."

ஓரகத்தி முகம் மாறவில்லை.

"தெரியும்க்கா. நீங்க கொட்டுறப்போ நான் சமையலறையிலதான் நின்னேன். நீங்களா சொல்ல மாட்டீங்கன்னுதான் காத்து மேல பழியப் போட்டேன்."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா நமக்குள்ள பேச்சே நின்னிருக்கும். குப்பை தானே, கிடந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன்."

சொல்லிவிட்டு, முற்றிய காய்களாகப் பார்த்துப் பறித்து நீட்டினாள். தையற்காரி வாங்கிக்கொண்டாள். அடுத்த வருஷம் இந்தப் பக்கமும் பூ வந்துவிடும். ஒரு வருஷம் முழுக்க மூச்சுவிடாமல் இருந்த அந்த மனசு தனக்கு எந்தப் பாத்தியிலும் முளைக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.