மாப்பிள்ளை மேசையில் ஒரு போன்

தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்யும் அந்தக் கம்பெனியில் போன்காரம்மாவின் இடம் மாடிப்படிக்குக் கீழே. அவசரமாக எழுந்தால் மண்டையில் இடிக்கும். பதினோரு வருஷத்தில் மண்டைக்கே அது பழகிவிட்டது. மோட்டார் உறுமுகிறதா, இருமுகிறதா, மூச்சே விடவில்லையா என்று போனிலேயே கேட்டு, எந்த மெக்கானிக் எந்தச் சாமானோடு போக வேண்டும் என்று சொல்லிவிடுவாள். "அந்த வால்வைத் திறந்து பாருங்க" என்ற ஒரே வார்த்தையில் கரையேறியவர்களும் உண்டு.

அந்த இடத்துக்குத்தான் வேட்டு வைத்தார் மாப்பிள்ளை. முதலாளியின் மகளைக் கட்டியவர். கம்பெனி வெப்சைட் அவர் பொறுப்பு. வெப்சைட்டுக்கு யார் வருகிறார்கள், எதை அமுக்குகிறார்கள் என்று எண்ணிச் சொல்லும் டிராக்கிங் ஒன்றை மாட்டினார். ஒரு மாதம் கழித்து எல்லோரையும் மாடிக்குக் கூப்பிட்டுச் சுவரில் கம்பம் கம்பமாகப் படம் காட்டினார்.

"ஃபார்ம் நிரப்பினவங்க நாப்பத்தொரு பேர். போன் நம்பரை அமுக்கினவங்க பூஜ்யம். மாசக் கடைசியோட போன் லைனை எடுத்துடலாம். அக்கா குடோன்ல சாமானுக்கு லேபிள் ஒட்டட்டும்."

போன்காரம்மாவுக்குக் காது சுட்டது. "அப்போ தினம் என்கிட்ட பேசுறது பேயா சார்?"

"அதெல்லாம் பழைய கஸ்டமர்க்கா. அவங்க ஃபார்முக்குப் பழகிக்குவாங்க. வெப்சைட்டைப் பார்த்து யாரும் போன் பண்றதில்ல. நான் சொல்லல, டேட்டா சொல்லுது."

முதலாளி தலையாட்டினார். பக்கத்தில் நிற்கிற மனுஷி வாய் திறந்து சொன்னால் ஏறாது. சுவரில் வெளிச்சம் அடித்துக் காட்டினால் வேதவாக்கு. பதினோரு வருஷ உழைப்புக்குப் பூஜ்யம் போட ஒரு கம்பம்கூடத் தேவைப்படவில்லை.

கீழே வந்தவள், அன்று போன் செய்த ஒவ்வொருவரிடமும் நம்பர் எங்கே கிடைத்தது என்று கேட்டாள். மூன்றாவதாகப் பேசிய பெண் எரிந்து விழுந்தாள். "உங்க வெப்சைட்லதான். அமுக்கி அமுக்கிப் பார்த்தேன், போகவே இல்ல. பேனாவைத் தேடி எழுதிவச்சு அடிக்கிறேன். இங்க சொட்டுத் தண்ணி இல்ல, நீங்க கணக்கெடுப்பா நடத்துறீங்க?"

மூத்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு, அவர் போனில் வெப்சைட்டைத் திறக்கச் சொன்னாள். மேலே மோட்டார் படம். அந்தப் படத்துக்குள்ளேயே நம்பரும். அவர் விரலால் குத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வெறும் படம்க்கா இது. கல்யாண போட்டோவைத் தட்டினா மாப்பிள்ளை எந்திரிச்சு வருவாரா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அமுக்கவே முடியாததை வைத்துவிட்டு, யாரும் அமுக்கவில்லை என்று தீர்ப்பு. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமாம். அதற்காக இவள் லேபிள் ஒட்ட வேண்டும்.

நேரே முதலாளி முன்னால் போய் நின்றாள். மாப்பிள்ளையும் அங்கேதான் இருந்தார்.

"ஐயா, குடோன்ல ஒரு லைன் சும்மா கிடக்கு. அந்த நம்பர் யாருக்கும் தெரியாது. வெப்சைட்ல என் நம்பரை எடுத்துட்டு அதை மட்டும் போடுங்க. அந்த போன் மாப்பிள்ளை சார் மேசையில இருக்கட்டும். பூஜ்யம்தானே, அவருக்கு என்ன தொந்தரவு? ஒரு வாரம் அது அடிக்கலைன்னா நானே குடோனுக்குப் போறேன். முதல் லேபிளை என் நெத்தியில ஒட்டுங்க."

"தாராளமா செய்யுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை.

திங்கட்கிழமை போன் மேசை ஏறியது. ஒன்பது மணிக்குள் நான்கு முறை அடித்தது. பதினொரு மணிக்கு மாப்பிள்ளை காலையில் கொண்டுவந்த காபி ஆடை கட்டிக் கிடந்தது. மோட்டார் இருமுகிறது என்று ஒருவர் சொன்னதற்கு, "ஃபார்ம்ல எழுதுங்க சார்" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். வால்வைத் திறந்தால் தீர்ந்துபோகிற வேலைக்கு, புது மோட்டாரையே வண்டியில் ஏற்றி அனுப்பினார்.

புதன்கிழமை மத்தியானம், போனைக் கையிலும் ஒயரைத் தோளிலும் போட்டுக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே வந்தார். குனிய மறந்து மண்டையை இடித்துக்கொண்டார்.

"அக்கா, இதையும் நீங்களே வச்சுக்குங்க. மூணு நாள்ல எழுபத்திரண்டு பேர். பாதிப் பேர் திட்டுறாங்க."

"பூஜ்யம் திட்டுமா சார்?"

அவர் மண்டையைத் தடவிக்கொண்டு போய்விட்டார். குடோன் பேச்சு அதோடு நின்றது. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்தும் வரவில்லை, முதலாளி வாயிலிருந்தும் வரவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் சுவரில் போனுக்குத்தான் உயரமான கம்பம். "நம்ம கஸ்டமர் போனைத்தான் விரும்புறாங்கன்னு கண்டுபிடிச்சிருக்கேன்" என்றார் மாப்பிள்ளை. முதலாளி கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

போன்காரம்மா தட்டவில்லை. உத்தரவு கேட்காமல் பாதியிலேயே எழுந்து படியிறங்கினாள். கீழே இரண்டு போனும் அடித்துக்கொண்டிருந்தன.